இடப்புற இதயமும் நமது வாட்ஸ்அப் பொய்களும்



நமது குடும்பக் குழுக்களில் ஒரு செய்தி வலம் வந்துகொண்டிருக்கிறது. மனித இதயம் ஏன் இடப்புறம் அமைந்தது என்பதை அறியாமல் ஜப்பானிய விஞ்ஞானிகள் திகைத்தார்களாம். விடையைத் திருக்குர்ஆனில் கண்டு கலிமா மொழிந்தார்களாம். இதயம் இடப்புறம் இருப்பதே குறையற்ற படைப்பின் அடையாளமாம். பத்துப் பேருக்கு அனுப்பினால் நன்மை உண்டு என்ற உத்தரவாதம் வேறு!

நம்மிடம் ஓதும் சிறுவன் ஒருவனின் தாயார் இதைப் படித்துவிட்டுக் கலங்கிய கண்களுடன் வந்தார். அவருடைய மகனுக்கு இதயம் வலப்புறம் அமைந்திருக்கிறது. "ஹஜ்ரத், அப்படியானால் என் பிள்ளையின் படைப்பில் குறையா?" என்று கேட்டார். ஈமானை வளர்ப்பதாக எண்ணி நாம் பரப்பிய செய்தி, ஈமானுள்ள ஒரு தாயின் உள்ளத்தைப் புண்படுத்தியிருக்கிறது. இதற்கு யார் பொறுப்பு?

முதலில் உண்மையை அறிவோம். ஜப்பானிய ஆய்வாளர்கள் திகைத்து நிற்கவில்லை, பொறுமையாகத் தேடினார்கள். 1998ஆம் ஆண்டு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹிரோகாவாவின் குழுவினர் எலிக் கருக்களை ஆராய்ந்தனர். தொடக்கத்தில் கருவின் இரு பக்கங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதன் நடுக்கோட்டில் ஒரு சிறு குழி உண்டு. அதில் சிலியா எனப்படும் சுமார் 200 முதல் 300 நுண்ணிழைகள் ஒரே திசையில் சுழல்கின்றன. அவை வால்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், குழியிலுள்ள திரவம் இடப்பக்கம் நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டமே இடம் எது, வலம் எது என்பதைக் கருவுக்கு உணர்த்துகிறது. இவ்விழைகள் உருவாகாத கருக்களில் இதயம் இடமா வலமா என்பது ஒழுங்கின்றிப் போயிற்று. 2002இல் ஹமாதாவின் குழுவினர் செயற்கையாகத் திரவத்தை எதிர்த்திசையில் ஓடச் செய்தபோது உறுப்புகளின் அமைப்பும் இடம் மாறியது.

மனிதர்களில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்கு உள்ளுறுப்புகள் யாவும் கண்ணாடிப் பிம்பம்போல் பக்கம் மாறி அமைகின்றன. அவர்களில் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். சிலருக்கு மட்டும் சிலியாவின் இயக்கக் குறைபாடு காரணமாக நீங்காத சளியும் இருமலும் இருக்கும். 1976இல் ஸ்வீடனின் அஃப்சீலியஸ் இத்தொடர்பை விளக்கினார். எனவே அந்தத் தாய்க்குத் தேவைப்பட்டது நல்ல மருத்துவரின் ஆலோசனை. குடல்வால் அழற்சி வந்தால் இத்தகையோருக்கு வலி இடப்புறம் தோன்றலாம். ஆகவே இதை மறைக்காமல் எந்த மருத்துவரிடமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்தப் பயனுள்ள செய்தியை நமது குழுக்களில் ஒருவராவது அனுப்பினாரா?

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். இன்ஃபிதார் அத்தியாயம், மனிதனைப் படைத்துச் சீராக்கிய இறைவன் தான் நாடிய வடிவில் அவனை அமைத்ததாகச் சொல்கிறது. இதயம் எப்பக்கம் இருக்க வேண்டும் என்று அங்கே சொல்லப்படவில்லை. அல்லாஹ் சொல்லாததை அவன் சொன்னதாகக் கூறுவது எத்தகைய பாவம் என்பதை நாம் அறியோமா? செய்தி வந்தால் விசாரித்துத் தெளிந்துகொள்ளுமாறு ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. அக்கட்டளை கைபேசிக்குப் பொருந்தாதா?

இதனால் ஈமான் கூடுகிறதே, இதில் என்ன தவறு என்று சிலர் கேட்கக்கூடும். பொய்யின் மீது எழுப்பிய ஈமான் எத்தனை நாள் நிற்கும்? நமது பிள்ளைகள் நாளை கல்லூரியில் உயிரியல் படிப்பார்கள். அத்தாவும் ஹஜ்ரத்தும் சொன்ன ஒன்று பொய் எனக் கண்டால், சொன்ன மற்ற அனைத்தையும் சந்தேகிப்பார்கள். மேலும், அறிவியல் நாளுக்கு நாள் திருத்தப்படுவது. அத்திரவ ஓட்டம் இடப்பக்கத்துக்கு எதைச் சுமந்து செல்கிறது, அல்லது அதன் விசையை வேறு இழைகள் உணர்கின்றனவா என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் விவாதித்தனர். 2023இல் வெளியான ஆய்வுகள் விசையை உணரும் இழைகளுக்கே வலுச் சேர்த்தன. முதற்கருத்தோடு ஒரு வசனத்தைக் கட்டியிருந்தால், அது மாறும்போது வசனத்தையும் மாற்றுவோமா?

நமது முன்னோர்கள் இப்படிச் செய்யவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இப்னு நஃபீஸ் ஷாஃபிஈ சட்டத்தைக் கற்பித்த அறிஞர், மருத்துவரும்கூட. இதயத்தின் வலப்பக்க இரத்தம் நடுச்சுவரின் துளைகள் வழியே இடப்பக்கம் செல்கிறது என்ற காலனின் கருத்தை மறுத்தார்; அது நுரையீரல் வழியாகவே செல்கிறது என்று எழுதினார். எந்த வசனத்தையும் வளைத்து அவர் அதை நிறுவவில்லை. உடற்கூற்றைக் கொண்டே வாதிட்டார். அவருடைய வாரிசுகள் என்று பெருமை பேசும் நாம், கண்ணை மூடிக்கொண்டு செய்திகளை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

சகோதரர்களே, அச்செய்தியை அனுப்பியவர்கள் அதே குழுவில் திருத்தத்தையும் அனுப்புங்கள். தவறை ஒப்புக்கொள்வது இழிவல்ல, தவ்பாவின் ஒரு பகுதி. அந்தத் தாயிடம் நாம் சொன்னது இதுதான்: "உங்கள் மகனின் இதயம் எப்பக்கம் துடித்தாலும் அதைத் துடிக்கச் செய்பவன் ஒருவனே. மறுமையில் வலக்கையில் ஏடு கிடைப்பது ஈமானையும் அமலையும் பொறுத்தது. உறுப்பின் இடத்தைப் பொறுத்ததல்ல."

உண்மையை மட்டுமே பேசும் நாவை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.