பிட்டும் தேங்காய்ப்பூவும் வீட்டுக்குள் வரட்டும்

கல்முனையிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில் தாண்டித்தான் திருக்கோவில். முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் இப்படி மாறி மாறி வருவதைத்தான் 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்கிறோம். எந்தக் கூட்டமானாலும் மேடையில் அந்த வாசகம் வந்துவிடும். 1985, 1990 வன்முறைகளுக்குப் பிறகோ, பக்கத்து ஊராரின் அடுப்படியை அறியாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. பெருநாளுக்கு வட்டிலப்பமும் தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலும் கைமாறுவது மரியாதை; நட்புக்கு அது போதாது. வாரத்தில் ஓர் இரவு நாலைந்து நண்பர்களின் குடும்பங்கள் கூடி, வீட்டுக்கு ஒரு கறி கொண்டுவந்து, ஆக்கிய விதத்தையும் சொல்லிக்கொடுத்துச் சாப்பிட வேண்டும் என்கிறேன்.

ஆக்கிய விதம் எதற்கு? இங்கே இரு சமூகத்திலும் தாய்வழிக் குடிமுறை உண்டு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குச் சீதனம். அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியான தமது நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். தாயின் கைப்பக்குவம் அதே வளவுக்குள் மகளுக்குக் குறையாமல் போய்ச் சேர்வதும், வேலி தாண்டாமல் நின்றுவிடுவதும் இதனால்தான். இரு சமூகத்துக்கிடையே கலியாணம் அரிது என்பதால், அது அடுத்த ஊருக்குப் போக நட்பைவிட்டால் வழியில்லை. யூடியூப்பில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். பிட்டு மாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று எந்த ஆச்சியிடமாவது, உம்மாவிடமாவது கேட்டுப் பாருங்கள்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும் என்பார். வறுத்த மாவு, உப்புத் தண்ணீர், விரல்களின் பதம். பக்கத்தில் நின்று கைவைத்துப் பார்க்காமல் அது வராது.

ஹலால் பிரச்சினை வருமே என்பது நியாயமான கேள்வி. மீனுக்கு அறுப்பு விதி இல்லை; கடலோ வாசலில். மீன் குழம்பு, கீரை, பருப்பு, சட்டித் தயிர் என்று வைத்தால் எவருக்கும் சங்கடமில்லை. மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்காக வெள்ளிக்கிழமையை விட்டுவிடலாம். செலவு? கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், அந்த அடி இன்னும் ஆறவில்லை. அதனால்தான் வீட்டுக்கு ஒரு கறி, புரியாணி வேண்டாம் என்கிறேன். பெருமைக்கு ஆக்கத் தொடங்கினால் மூன்றாம் வாரமே நின்றுபோகும். இதைவிடக் கனமான ஆட்சேபம், சுமை பெண்கள் தலையில்தானே விழும் என்பது. உண்மை. ஆண்கள் தேங்காய் துருவி, மீன் வெட்டி, சட்டி பானை கழுவாவிட்டால் இந்த ஏற்பாட்டைத் தொடங்கவே வேண்டாம்.

கல்முனை வடக்குப் பிரதேச செயலகத் தகராறையும் காணி வழக்குகளையும் இந்தச் சாப்பாடு தீர்க்காது. அவை சட்டத்தால் தீர வேண்டியவை. ஆனால் ஊருக்குள் வதந்தி பரவும் இரவில், "அங்கே உண்மையில் என்ன நடந்தது?" என்று கூச்சமின்றிக் கேட்க மறு ஊரில் ஒரு நண்பன் வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை பலகாரம் கொடுத்து அந்த உரிமையைப் பெற முடியாது. இந்த ஞாயிறு ஒரு குடும்பத்தை அழையுங்கள். பிட்டுக்குழலை அவர்கள் கையில் கொடுத்து, அவிக்கச் சொல்லுங்கள்.