கைத்தொழில் வினா–விடை: தோல் வேலை தொடங்குவோர்க்கு

தோல் வேலை பழக விரும்பும் அன்பர்கள் பலர் மடல் விடுத்துள்ளனர். ஒத்த வினாக்களைத் தொகுத்து ஈண்டு விடை தருகின்றோம். கைப்பொருளை வீணாக்காமல் தொழிலைக் கற்க இவை துணைபுரியும்.

வினா (தாராவி அன்பர்): கருவிப்பெட்டி முழுவதையும் ஒருசேர வாங்க வேண்டுமா?

விடை: வேண்டா. கூரிய கத்தி, இரும்பு அளவுகோல், குத்தூசி, மொட்டைமுனை ஊசி இரண்டு, மெழுகிட்ட நூல், கவராயம், கொட்டாப்புளி ஆகியவை தொடக்கத்திற்குப் போதும். தோல் வெட்டும் கத்தியை வடநாட்டுச் சந்தையில் ‘ராம்பி’ என்பர். கவராயத்தின் கால்களை 4 மில்லிமீட்டர் விரித்து ஓரமாக நடத்திச் சென்றால், தையல் துளைகளுக்கு ஒரே சீரான குறி கிடைக்கும். மழுங்கிய கத்தி தோலை இழுத்துக் கிழிப்பதோடு கையையும் வெட்டும். ஆதலின் நாள்தோறும் தீட்டி வைத்தல் முதற்பாடம்.

வினா (கான்பூர்ச் சகோதரி): கடையில் பலவகைத் தோல்களைக் காட்டுகின்றனர். எதனை வாங்குவது?

விடை: தோலை மரப்பட்டை, காய் முதலியவற்றின் சாற்றிலும் பதனிடுவர், குரோமிய உப்பிலும் பதனிடுவர். தமிழ்நாட்டில் நெடுங்காலம் வழங்கியவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். பட்டையிட்ட தோல் நீர் பட்டால் இளகி அச்சேற்கும். அதன் ஓரம் தேய்த்தால் மெருகேறும். குரோம் தோல் மென்மையுடையது, நீரைத் தாங்குவது, ஆனால் ஓரத்தில் அத்தகைய மெருகு வாராது. வெட்டிய ஓரத்தின் நடுவே நீலச்சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அது குரோம் தோலே. மெருகிடாத பட்டைத்தோலில் ஒரு துளி நீர் விட்டால் அது உறிஞ்சிக் கருக்கும்.

பணப்பைக்கு 1 மில்லிமீட்டர் அளவுத் தடிப்பும், இடுப்புவாருக்கு 3 முதல் 4 மில்லிமீட்டரும் ஏற்றவை. முதுகுப் பகுதி கெட்டியானது. வயிற்றுப் பகுதி இழுத்தால் நீளும். ஆகவே வாரினை முதுகெலும்பின் போக்கிலேயே வெட்டுக. முழுத்தோல் வாங்குமுன் வெட்டுத்துண்டுகளில் பழகுக.

வினா (புனே அன்பர்): கையால் தைப்பதில் பயன் என்ன?

விடை: ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இருபுறமிருந்தும் செலுத்துதல் கைத்தையல். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மறுபுறத்து இழை பிடித்து நிற்கும். இயந்திரத் தையலோ அறுந்த இடத்திலிருந்து எளிதில் பிரியும். தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் எடுத்துக்கொள்க.

வினா (தில்லி அன்பர்): ஓரம் நார்நாராக நிற்கிறது, சாயமும் கையில் ஒட்டுகிறது. தேங்காய் எண்ணெய் பூசலாமா?

விடை: பட்டைத்தோலாயின் ஓரத்தை நேராகச் சீவி, முதலில் பரும் உப்புத்தாளாலும் பின்னர் நுண்ணிய தாளாலும் தேய்க்க. சிறிது நீர் தடவி, வழவழப்பான மரத்துண்டாலோ தடித்த துணியாலோ விரைந்து தேய்த்தால் நார் படிந்து பளபளக்கும். இறுதியில் தேன்மெழுகு இடுக. சாயத்தைத் துண்டில் ஆய்ந்த பின்னரே பொருளில் ஏற்றுக, நிழலில் உலர்த்துக, உலர்ந்தபின் துணியில் ஒட்டாதவரை துடைத்து, அதன் மேலேயே மெழுகிடுக. தேங்காய் எண்ணெய் தில்லிக் குளிரில் உறைந்துவிடும். தோலையும் கருக்கச் செய்யும். எவ்வெண்ணெயாயினும் மிகுந்தால் தோல் தளர்ந்துபோம்.

வினா (மாதுங்கா அன்பர்): படித்த என் மகன் இத்தொழிலைப் பழக விரும்புகிறான். சுற்றத்தார் இழிவென்று தடுக்கின்றனர். யான் என் செய்வது?

விடை: தோற்செருப்பை அணிந்து, தோற்பையில் பணம் வைத்துக்கொண்டு, அவற்றைச் செய்த கையை இகழ்வது எங்ஙனம் முறையாகும்? தீண்டாமையை நம் அரசியலமைப்பு 1950ஆம் ஆண்டிலேயே ஒழித்தது. சென்னையில் 1948ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் அறிவியலறிஞர்கள் தோலையே ஆய்கின்றனர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் எண்ணற்ற குடும்பங்கள் தோலால் வாழ்கின்றன.

தங்கள் மகனைத் தடுக்க வேண்டா. அவன் முதலில் செல்லவேண்டிய பள்ளி தங்கள் தெருமுனையிலேயே இருக்கலாம். அங்கே செருப்புத் தைக்கும் முதியவர், நாம் மேலே எழுதியவற்றையெல்லாம் நூலின்றிக் கற்றவர். ஏட்டில் எழுதவியலாத கத்திப்பிடியையும் அவரே காட்டவல்லார். அவரிடம் மகனை அனுப்புங்கால், கற்பிக்கும் நேரத்திற்குரிய கூலியைத் தவறாது தருக. ஆசான் என்றே அவரை அழைக்கச் சொல்க. வீட்டிற்கு அவர் வரும் நாளில் மற்றை விருந்தினரைப்போல் உள்ளே அமர்த்தி உணவிடுக. கைத்திறனைப் பெற்றுக்கொண்டு, அதனைத் தந்தவரை வாயிலில் நிறுத்துவது கற்றோர்க்கு அழகன்று. இதனைத் தாங்கள் செய்து காட்டினால் சுற்றத்தாருக்கு வேறு விடை தேவைப்படாது.