பெர்மிட் பயமும் உடம்பு நோவும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர் தேக்கா பக்கம் போய் வந்தவர்களுக்கு இது தெரியும். சிராங்கூன் சாலையிலும் ரேஸ்கோர்ஸ் சாலைத் திடலிலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் புல் தரையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருப்பார்கள். 'நல்லா இருக்கேன்மா' என்றுதான் எல்லார் வாயிலும் வரும். கையில் கட்டுப் போட்டிருப்பவனும் அதையேதான் சொல்வான்.

ஏன் மறைக்கிறான்? அவனுடைய பெர்மிட் ஒரு முதலாளியின் பேரில் எழுதப்பட்டது. முதலாளி நினைத்தால் அதை ரத்து செய்யலாம். ரத்தானால் ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனோ வட்டியோடு ஊரில் காத்திருக்கிறது. இது போக, மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணை கட்டியிருக்கிறார். ஆள் காணாமல் போனால் அந்தப் பணம் போய்விடுமே என்ற கவலை அவருக்கு. ஆகவே தகராறு வந்ததும் சீக்கிரம் ஊருக்கு அனுப்பிவிடுவதே அவருக்கு லாபம். இந்தக் கணக்கு தொழிலாளிக்கும் தெரியும். அதனால்தான் முதுகு வலியைச் சொல்லமாட்டான், தைலம் தேய்த்துக்கொண்டு லாரியில் ஏறுவான்.

2015-ல் சிங்கப்பூரில் இந்திய, வங்காளதேசத் தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. காயம்பட்டு அல்லது சம்பளப் பாக்கிக்காக வழக்குப் போட்டவர்களில் நூற்றுக்கு 62 பேருக்குக் கடுமையான மனநோய் இருக்கக்கூடும் என்று அதில் தெரிந்தது. தகராறு எதுவும் இல்லாதவர்களிடம் இது பல மடங்கு குறைவு. காயம் மட்டுமா அவர்களை இப்படி ஆக்கியது? காயத்தோடு சேர்ந்த 'அனுப்பிவிடுவோம்' என்ற மிரட்டலும்தான், கடனும்தான்.

2013 டிசம்பர் 8-ல் இதே தேக்காவில் நடந்த கலவரத்தை விசாரித்த முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான குழு, வேலை நிலைமையோ தங்குமிடமோ காரணம் அல்ல என்று முடிவு சொன்னது. நாம் அதை மறுத்து வாதாட வரவில்லை. ஆனால், வாய் திறந்தால் பெர்மிட் போய்விடும் என்று இருப்பவன், கேட்டவுடன் குறையைக் கொட்டிவிடுவானா என்ன?

பிறகு 2020 வந்தது. ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் படுத்த விடுதிகளில் கொரோனா புகுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அரசாங்கமே கொடுத்த கணக்குப்படி, விடுதிவாசிகள் சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்கு நோய் தொற்றியிருந்தது. மாதக்கணக்கில் வெளியே விடவில்லை. அதன் பிறகுதான் தொழிலாளர் மனநலத்திற்கென்று ஒரு பணிக்குழு அமைத்தார்கள்.

இது நமக்கு என்ன புதுசு? 1969-க்குப் பிறகு நம் தோட்டங்களில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் காய்ச்சலோடும் பெரட்டுக்கு நின்ற கதையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மண்டோர் கண்ணில் படாமல் நொண்டி நடந்தவர்கள் எத்தனை பேர்! இப்போது தோட்டத்தை விற்ற பிறகு நம் பிள்ளைகள்தான் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டிப் போகிறார்கள். மலேசியருக்கு அந்தப் பிணை இல்லை, சரி. பெர்மிட் ரத்து பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆகவே ஜொகூர் வீடுகளில் உள்ள தாய்மார்கள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி, மருத்துவ விடுப்பில் முதல் 14 நாளுக்கு முழுச் சம்பளம் உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்கு மேல் ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. 2020 செப்டம்பர் முதல், ஒரு நாள் எம்.சி. கொடுத்தாலும், லைட் டியூட்டி கொடுத்தாலும், முதலாளி அதை மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். பெர்மிட் ரத்தாகிவிட்டாலும் இழப்பீடு கேட்கும் உரிமை போகாது. விபத்து நடந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். பையன் 'ஒண்ணுமில்லம்மா' என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். எம்.சி. சீட்டைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், தேதி தெரியும்படி.