"மீட்க முடியாது" என்பது யாருடைய தீர்ப்பு?

பத்திரிகை அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒப்புநோக்குநராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் இப்போது கனடாவில் பிள்ளைகளுடன் வாழ்ந்து வருகிறார். அடுத்தவர்களின் எழுத்துப் பிழைகளைத் திருத்தியே கண் மங்கிப்போன மனிதர். எம் போன்றவர்களின் மானத்தைப் பல தடவைகள் காப்பாற்றியவர். அண்மையில் தொலைபேசியில் அழைத்தபோது அவரது குரலில் வழமையான கலகலப்பு இருக்கவில்லை. மகன் அவரது பெயரில் வாங்கிக் கொடுத்திருந்த 'டெதர்' எனப்படும் கிரிப்டோ நாணயத்தில் 3,800 டொலர் பெறுமதியானதை ஒரு பரிமாற்று நிறுவனத்திலிருந்து இன்னொரு பரிமாற்று நிறுவனத்துக்கு மாற்றியிருக்கிறார். முகவரியைத் தொழில் பழக்கத்தோடு ஒவ்வோர் எழுத்தாக மூன்று தடவை ஒப்புநோக்கியிருக்கிறார். அதில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. ஆனால், அதற்குக் கீழே 'வலையமைப்பு' என்றிருந்த கட்டத்தில் கட்டணம் குறைந்த ஒன்றைத் தெரிவு செய்துவிட்டார். பணம் அவரது கணக்கில் வரவாகவில்லை.

உதவி கேட்டு எழுதியதற்கு மூன்று வரிப் பதில் வந்திருக்கிறது. தாங்கள் ஏற்றுக்கொள்ளாத வலையமைப்பின் ஊடாக அனுப்பப்பட்ட நிதியை மீட்க இயலாது என்பது முதல் வரி. நிபந்தனைகளை வாசித்து ஒப்புக்கொண்ட பின்னரே அவர் கணக்குத் திறந்தார் என்பது இரண்டாவது வரி. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்பது மூன்றாவது.

"காசு எங்கை கிடக்கெண்டு எனக்குத் தெரியுது அண்ணை. ஒவ்வொரு நாளும் திரையிலை பாக்கிறன். எடுக்கத்தான் ஏலாதாம்" என்றார் நண்பர்.

இந்த 'ஏலாது' என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால், இத்தகைய பல சந்தர்ப்பங்களில் அது உண்மையல்ல. தேடுவதற்கு மனமில்லாமல் 'கோப்பைக் காணவில்லை' என்று கைவிரிக்கும் எழுதுவினைஞர்களை நாம் வாழ்நாள் முழுவதும் பார்த்து வந்திருக்கிறோம். அதே பதில்தான் இப்போது கணினியின் மொழியில் வந்து சேருகிறது. கணினி சொன்னால் மறுபேச்சில்லை என்று நம்பிவிடுகிறோம்.

நடந்தது என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு புளொக்செயின் வலையமைப்பும் ஒரு தனிப் பேரேடு. டெதர் என்ற ஒரே பெயரில் எதீரியம், ட்ரொன், பி.என்.பி. ஸ்மார்ட் செயின் எனப் பல பேரேடுகளில் வில்லைகள் புழங்குகின்றன. ட்ரொன் முகவரியின் தோற்றம் வேறு, எதீரிய முகவரியின் தோற்றம் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றையதை இட்டால் மென்பொருள் பொதுவாக மறுத்துவிடும். ஆபத்து, ஒரே தோற்றமுடைய முகவரிகளில்தான் இருக்கிறது. 2020 இல் தொடங்கப்பட்ட பி.என்.பி. ஸ்மார்ட் செயின் எதீரியத்தின் அமைப்பையே பின்பற்றியது. இரண்டிலும் முகவரி 42 எழுத்துகளைக் கொண்டது. ஒரே இரகசியச் சாவியிலிருந்து இரண்டு பேரேடுகளிலும் ஒரே முகவரிதான் பிறக்கிறது.

ஆகவே நண்பரின் பணம் ஆவியாகிவிடவில்லை. எதீரியப் பேரேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டிய தொகை, பி.என்.பி. பேரேட்டில் அதே முகவரியின் கீழ் எழுதப்பட்டிருக்கிறது. அந்த முகவரியைக் கொடுத்தது பணத்தைப் பெறவேண்டிய நிறுவனம். அதன் இரகசியச் சாவியை வைத்திருப்பதும் அந்த நிறுவனமே. அந்தச் சாவியால் ஒரு கையொப்பமிட்டு, அந்த வலையமைப்புக்குரிய சிறு கட்டணத்தையும் செலுத்தினால் பணம் நகரும். இதே தவறை ஒருவர் தனது சொந்தப் பணப்பை மென்பொருளுக்கு அனுப்பும்போது செய்திருந்தால், அந்த மென்பொருளில் மற்றைய வலையமைப்பைச் சேர்த்தவுடன் பணம் கண்முன் தோன்றிவிடும். சாவி அவரிடமே இருப்பதால் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்று நாம் கூற வரவில்லை. யாரிடமும் சாவி இல்லாத முகவரிக்குப் போன பணம் போனதுதான். சில நிறுவனங்கள் வைப்பு முகவரிகளைச் சாவியின் மூலம் நேரடியாக அன்றி, ஸ்மார்ட் ஒப்பந்தங்கள் எனப்படும் நிரல்களின் மூலம் உருவாக்குகின்றன. அந்த நிரல் மற்றைய வலையமைப்பில் நிறுவப்பட்டிராவிட்டால் மீட்பு சிக்கலாகும், சில வேளைகளில் ஆபத்தாகவும் முடியும். 2022 இல் ஒப்டிமிசம் வலையமைப்பினர் வின்டர்மியூட் என்ற வர்த்தக நிறுவனத்துக்கு 20 மில்லியன் வில்லைகளை அனுப்பியபோது இதுதான் நேர்ந்தது. வின்டர்மியூட் கொடுத்த முகவரி எதீரியத்தில் நிறுவப்பட்டிருந்த ஓர் ஒப்பந்தத்துக்குரியது. ஒப்டிமிசத்தில் அது நிறுவப்பட்டிருக்கவில்லை. வின்டர்மியூட் அதைச் சரிசெய்ய முன்னர், வேறொருவர் அதே முகவரியில் அந்த ஒப்பந்தத்தைத் தான் நிறுவி வில்லைகளைக் கைப்பற்றிவிட்டார். பின்னர் அவரே 17 மில்லியன் வில்லைகளைத் திருப்பி அனுப்பினார். இதில் இன்னொரு பாடமும் உண்டு. பெருந்தொகையை அனுப்ப முன்னர் அவர்கள் இரண்டு தடவை பரீட்சார்த்தமாக அனுப்பிப் பார்த்திருந்தார்கள். இரண்டும் போய்ச் சேர்ந்தன. போய்ச் சேர்ந்ததை எடுக்க முடிகிறதா என்றுதான் பார்க்கவில்லை.

தொழில்நுட்ப விற்பன்னர்களுக்கே இப்படி நேர்கிறதென்றால், ஓய்வுபெற்ற ஒப்புநோக்குநரை 'நிபந்தனைகளை வாசித்திருக்க வேண்டும்' என்று கடிந்துகொள்வது எந்த ஊர் நியாயம்?

'புளொக்செயினில் எழுதப்பட்டதை மாற்ற முடியாது, அதுவே அதன் தத்துவம்' என்று சிலர் வாதிடுவார்கள். முதலாவது, நண்பர் கேட்பது எழுதியதை அழிக்குமாறு அல்ல. சாவி வைத்திருப்பவர் புதிதாக ஒரு வரி எழுதவேண்டும் என்பதையே கேட்கிறார். இரண்டாவது, அந்தத் தத்துவத்தைப் போதித்தவர்களே வேண்டியபோது அதைத் தளர்த்தியிருக்கிறார்கள். 2016 ஜூன் மாதத்தில் 'தி டாவோ' என்ற முதலீட்டு நிதியத்திலிருந்து சுமார் 3.6 மில்லியன் ஈதர் நாணயங்கள் உறிஞ்சப்பட்டன. அன்றைய பெறுமதியில் அது 50 மில்லியன் டொலர்களுக்கும் அதிகம். அடுத்த மாதமே எதீரியம் வலையமைப்பின் விதிகளை மாற்றி அந்தப் பணத்தை முதலீட்டாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வழி செய்தார்கள். அதை ஏற்காதவர்கள் பழைய பேரேட்டை எதீரியம் கிளாசிக் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். ஒரே முகவரிகளைக் கொண்ட இரட்டைப் பேரேடுகள் அவ்வாறுதான் உருவாகின.

2017 ஆகஸ்டில் பிட்கொயினிலிருந்து பிட்கொயின் காஷ் பிரிந்தபோதும் முகவரிகள் ஒன்றாகவே இருந்தன. இதைக் குழப்பி அதற்கு அனுப்பியவர்கள் ஏராளம். அவர்கள் என்ன செய்தார்கள்? 2018 இன் ஆரம்பத்தில் முகவரியின் வடிவத்தையே மாற்றினார்கள். பிட்கொயினுக்கு மட்டுமே உரிய ஒருவகை முகவரிகளுக்குத் தவறுதலாகப் போய் முடங்கிக் கிடந்த நாணயங்களை மீட்பதற்காக, 2019 மே மாதத்தில் வலையமைப்பின் விதியிலேயே ஒரு விலக்கும் அளித்தார்கள். ஒரு வலையமைப்பு முழுவதும் சேர்ந்து விதியை மாற்ற முடிந்திருக்கும்போது, ஒரு நிறுவனம் தன் மேசையில் இருக்கும் சாவியைத் திருப்ப முடியாது என்பதை நாம் நம்ப வேண்டுமா?

நிறுவனங்கள் இரண்டு நியாயங்களைக் கூறுகின்றன. பாதுகாப்பாகப் பூட்டி வைத்திருக்கும் சாவிகளை ஒவ்வொரு தனிநபருக்காகவும் வெளியே எடுப்பது ஆபத்து என்பது ஒன்று. பொறியியலாளர்களின் நேரம் விலைமதிப்பற்றது என்பது மற்றையது. இரண்டிலும் உண்மை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால், அவை தாமதத்துக்கும் கட்டணத்துக்கும் உரிய காரணங்களே தவிர, பணத்தை என்றென்றைக்கும் முடக்கி வைப்பதற்கு உரியவை அல்ல. தான் ஏற்றுக்கொள்ளாத எதீரிய வில்லைகள் பல, தனது முகவரிகளுக்குத் தவறுதலாக வந்துசேர்ந்தால் அவற்றைப் பாவனையாளர்களே மீட்டுக்கொள்வதற்கான வசதியை அமெரிக்காவின் கொயின்பேஸ் நிறுவனம் 2022 டிசெம்பரில் அறிமுகப்படுத்தியது. 100 டொலருக்கு மேற்பட்ட தொகைக்கு 5 சதவீதக் கட்டணம் என்று அப்போது அறிவித்தது. அதற்கு முதல் நாள்வரை 'முடியாது' என்றிருந்தது, கட்டணம் நிர்ணயிக்கப்பட்டவுடன் 'முடியும்' என்றாகிவிட்டது.

நிறுவனம் தவறிழைக்கும்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்தில் கிரிப்டோ டொட் கொம் நிறுவனம், அவுஸ்திரேலியாவில் வாடிக்கையாளர் ஒருவருக்கு 100 டொலரைத் திருப்பிச் செலுத்தும்போது தவறுதலாக 10.47 மில்லியன் அவுஸ்திரேலிய டொலரை அனுப்பிவிட்டது. தொகையை எழுத வேண்டிய இடத்தில் கணக்கு இலக்கம் எழுதப்பட்டதே காரணம். ஏழு மாதங்களுக்குப் பின்னரே அதைக் கண்டுபிடித்தார்கள். 'தவறு எங்களுடையது, போனது போகட்டும்' என்று அந்த நிறுவனம் சும்மா இருந்துவிடவில்லை. விக்டோரியா மாநில உயர்நீதிமன்றத்துக்குச் சென்று, கணக்குகளை முடக்கி, அந்தப் பணத்தில் வாங்கப்பட்ட வீட்டை விற்பதற்கும் உத்தரவு பெற்றது. அதில் பிழை சொல்ல எதுவுமில்லை. தவறுதலாகச் செலுத்திய பணம் செலுத்தியவருக்கே உரியது என்பது ரோமர் காலத்திலிருந்து வரும் நீதி. இலங்கையில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டத்தில் அது இருக்கிறது. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72 ஆவது பிரிவில் அதைக் கூறுகிறது. எமது கேள்வி ஒன்றுதான். கட்டம் மாறி எழுதிய நிறுவனத்துக்கு இருக்கும் உரிமை, கட்டம் மாறித் தெரிவு செய்த முதியவருக்கு இல்லாமற் போவது எப்படி?

பிழையான முகவரியிட்ட கடிதத்தைக்கூடத் தபாற் சேவைகள் எரித்துவிடுவதில்லை. உரியவரைத் தேடுவதற்கென்றே அமெரிக்கத் தபாற் சேவை அட்லாண்டா நகரில் ஒரு நிலையத்தை வைத்திருக்கிறது. யூரோ நாணய நாடுகளின் வங்கிகள், பணம் அனுப்புவதற்கு முன்னர் பெறுபவரின் பெயரும் கணக்கு இலக்கமும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்பது 2025 ஒக்டோபர் முதல் சட்டம். கிரிப்டோ நிறுவனங்களால் இத்தகைய சரிபார்ப்பைச் செய்ய முடியாதா? கறுப்புப் பணத்தைத் தடுக்கும் சர்வதேச அமைப்பான எப்.ஏ.ரி.எப். 2019 ஜூன் மாதத்தில் வகுத்த விதியின்படி, அனுப்புபவர் யார், பெறுபவர் யார் என்ற விபரங்களை இந்நிறுவனங்கள் தமக்கிடையே பரிமாறிக்கொள்ள வேண்டும். அவ்வளவு தகவல்களைப் பரிமாறுவோர், 'இந்த வலையமைப்பில் அனுப்பினால் ஏற்றுக்கொள்வீர்களா' என்ற ஒரேயொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

கேட்காததால் உருவாகும் வெற்றிடத்தில் வேறொரு கூட்டம் பிழைக்கிறது. நண்பர் தனது துயரத்தை இணையத்தில் எழுதிய மறுநாளே, 'மீட்பு நிபுணர்' ஒருவர் தாமாகவே தொடர்புகொண்டு 400 டொலர் முற்பணம் கேட்டிருக்கிறார். மகன் தடுத்திராவிட்டால் அதுவும் போயிருக்கும். இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருவதாகக் கூறும் போலி நிறுவனங்களைப் பற்றி அமெரிக்காவின் எப்.பி.ஐ. 2023 ஆகஸ்டில் எச்சரித்திருந்தது. வாசகர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சாவி இல்லாத எவராலும் பணத்தை நகர்த்த முடியாது. ஆகவே முற்பணம் கேட்பவரும், பணப்பையின் 12 அல்லது 24 இரகசியச் சொற்களைக் கேட்பவரும் திருடர்களே. அதேவேளை, சாவி வைத்திருப்பவர் கதவைச் சாத்திக்கொள்வதால்தான் மக்கள் அந்தத் திருடர்களின் வாசலுக்குப் போகிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சட்டம் இயற்றுவோரிடம் கேட்க வேண்டியவை மூன்று. 'இயலாது' என்று பதிலளிக்கும் நிறுவனம், அந்த முகவரியின் சாவி தன்னிடம் இருக்கிறதா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சாவி இருக்குமானால், உண்மையான செலவை மாத்திரம் கழித்துக்கொண்டு, குறித்த காலத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தன் முகவரியில் கிடக்கும் அடுத்தவரின் பணத்தை எந்தக் காலத்திலும் தன்னுடையதாக்கிக்கொள்ளக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசெம்பர் 30 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த 'மிக்கா' ஒழுங்குவிதி, வாடிக்கையாளரின் முறைப்பாடுகளைக் கையாளும் ஒழுங்கு ஒன்று இந்நிறுவனங்களிடம் இருக்க வேண்டும் என்கிறது. பிரான்ஸிலும் ஜேர்மனியிலும் வாழும் எம்மவர்கள் மூன்று வரிப் பதிலோடு அடங்கிவிடாமல் அந்த ஒழுங்கைப் பயன்படுத்த வேண்டும். பரிவர்த்தனை இலக்கம், திகதி, முகவரி, வலையமைப்பின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 'சாவி யாரிடம்' என்ற கேள்வியை நேரடியாகக் கேட்க வேண்டும்.

நண்பரும் அந்தக் கேள்வியைக் கேட்டு மீண்டும் எழுதியிருக்கிறார். அனுப்புவதற்கு முன் எமக்கு ஒரு பிரதி அனுப்பி, பிழை ஏதும் இருக்கிறதா பார்க்கச் சொன்னார். பிழையேதும் இருக்கவில்லை. இதை எழுதும்வரை பதிலும் வரவில்லை. அந்த 3,800 டொலரும் உலகம் முழுவதும் பார்க்கக்கூடிய பேரேட்டில், அசையாமல் அதே இடத்தில் கிடக்கிறது.