வாராத பொறிக்கு வாழ்த்துப்பா!

வாராத பொருளைப் பாடி, வந்த பொருளைக் கொல்வதே விளம்பர வணிகம்! சப்பானியச் சேகா நிறுவனம் 1998 நவம்பரில் 'திரீம்காசுட்டு' என்னும் விளையாட்டுப் பொறியை விற்பனைக்கு விட்டது. 1999 மார்ச்சில் சோனி நிறுவனம், கடைக்கு வாராத 'பிளேசுடேசன் 2'-இன் ஆற்றலைப் பறைசாற்றியது. அதன் செயலிக்கு 'உணர்ச்சிப் பொறி' என்றே பெயர்! உணர்ச்சி பொறிக்கா வந்தது? இளைஞர்க்கன்றோ வந்தது! காணாததைக் கண்டதுபோற் புகழ்ந்தனர்; பலர் சேகாவின் பொறியை வாங்காது காத்திருந்தனர். சோனியின் பொறி வந்ததோ 2000 மார்ச்சில்தான்! 2001 சனவரியில் சேகா தன் பொறியைக் கைவிடுவதாக அறிவித்தது. அதற்கு முன்னை இழப்புகளும் கரணியமே. எனினும் வெறும் வாய்ப்பந்தலின் பங்கு சிறிதன்று. அடுத்த பொறியைப் பற்றி இன்றும் புரளி பரப்பும் இளைஞனே! கூலி பெறாத விளம்பரக்காரனாய் ஏன் உழைக்கின்றாய்? பொறி வரட்டும், ஆய்ந்து பார், பின்னர்ப் பேசு!