பரீட்சை எழுதித் தரும் கை

"பார்வையில்லாத பொண்ணுக்குப் பரீட்சை எழுதித் தரப் போகணும்மா" என்று கல்லூரி மகள் சொல்கிறாளா? தடுக்காதீர்கள், சகோதரி! 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு செய்கிறார்கள். இதைவிட நல்ல தொண்டு ஏது?

ஆனால் சொல்லி அனுப்புங்கள். கேள்வியை நிதானமாக இரண்டு தரம் வாசிக்கணும். அந்தப் பெண் சொல்வதை மட்டுமே எழுதணும். தனக்குத் தெரிந்ததைச் சேர்க்கக் கூடாது. நடக்கையில் கையைப் பிடித்து இழுக்காமல், தன் முழங்கையைப் பற்றிக்கொள்ளத் தரணும். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் உண்டு, அவசரம் வேண்டாம்.

முக்கியமாக, ஒப்புக்கொண்ட நாளில் "தலைவலி" என்று படுத்துவிடக் கூடாது. அங்கே ஒருத்தியின் வருஷப் படிப்பே வீணாகிவிடலாம். அன்று காலை அவளை எழுப்பி, இரண்டு இட்லி கொடுத்து அனுப்புவது உங்கள் பங்குத் தொண்டு!