பக்கத்து வீட்டுச் சுவர்

கடந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை மதியம். காஜாங்கில் எங்கள் தாமான் வீட்டின் கார் போர்ச்சை அடைத்துக் கட்டிய ‘ஸ்டூடியோ’வில் முதல் ஒத்திகை. உறுமி, டிரம்ஸ், பேஸ் கித்தார், பாட நான். மூன்றாவது பாட்டில் அம்மா கதவைத் திறந்தார். பின்னால் பக்கத்து வீட்டு மக்சிக். மருத்துவமனைத் தாதி. இரவு வேலை முடித்து வந்து படுத்தவர்.

அவர் கோபப்படவில்லை. மலாயில் மெதுவாகத்தான் சொன்னார்: “பாட்டு நல்லாதான் இருக்கும் போல தம்பி. ஆனா எனக்கு அந்தப் பாட்டு வரவே இல்ல. டும் டும் மட்டும்தான் வருது.”

அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த இயற்பியல் எனக்கு நுரைப் பஞ்சு விற்றவரிடம் இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்த என்னிடமும் இல்லை என்பதுதான் வெட்கம். அதிர்வு, அலை என்று பரீட்சை எழுதித் தேறியவன் நான். சொந்த வீட்டுச் சுவர் என்று வந்ததும் யூடியூப்பை நம்பிவிட்டேன்.

இலக்கிய இதழில் ஜிப்சம் பலகைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது. நம் இளைஞர்கள் வீட்டில் கட்டும் ஸ்டூடியோக்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுதியாகிறது. நாம் கேமராவுக்குத் தெரியும் பக்கத்துக்குத்தான் செலவு செய்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்துக்கு ஒரு வெள்ளி கூடச் செலவு செய்வதில்லை. பிறகு புகார் வந்தால், “நம்ம கலைக்கு இங்க மரியாதை இல்ல” என்று புலம்புகிறோம்.

முதலில் பஞ்சுக் கதையை முடித்துவிடுகிறேன்.

1895இல் ஹார்வர்டில் ஒரு புதிய விரிவுரை அரங்கில் பேச்சு புரியாத அளவுக்கு எதிரொலி. அதைச் சரிசெய்யச் சொல்லி வாலஸ் செபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரைக் கேட்டார்கள். அவர் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். நவீன அறை ஒலியியல் அங்கேதான் தொடங்குகிறது. மெத்தை செய்தது என்ன? அறைக்குள் திரும்பத் திரும்ப மோதும் ஒலியை உறிஞ்சியது. சுவரைத் தாண்டிப் போகும் ஒலி வேறு விவகாரம். நாம் சுவரில் ஒட்டும் நுரையும் அந்த மெத்தையின் பேரன்தான். உள்ளே குரல் சுத்தமாகப் பதிவாகும். வெளியே போவது போய்க்கொண்டேதான் இருக்கும்.

வெளியே போகாமல் தடுக்க முதலில் வேண்டியது எடை. ஒரு சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 5, 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். அவ்வளவுதான். பூச்சுடன் ஒரு செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 200 கிலோவைத் தாண்டும். இரண்டங்குல நுரை ஒன்றரைக் கிலோ வருவதே கஷ்டம். முட்டை அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது முட்டை வைக்க.

இன்னொரு கணக்கு. உறுமியும் பேஸ் டிரம்மும் எழுப்பும் ஆழ்ந்த ஒலியில் 60 ஹெர்ட்ஸ் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அலையின் நீளம் சுமார் 19 அடி. என் கார் போர்ச்சின் நீளமும் கிட்டத்தட்ட அதுதான். 19 அடி அலையை இரண்டங்குலப் பஞ்சு பிடித்து நிறுத்தும் என்று நான் 3,800 வெள்ளி கொடுத்து நம்பினேன். மக்சிக்குக்குப் பாட்டு வராமல் டும் டும் மட்டும் போனதன் ரகசியம் இதுதான். மேல் சுருதிகளை எந்தச் சுவரும் ஓரளவு வடிகட்டிவிடும். தூக்கத்தைக் கெடுப்பது அடிச்சுருதி.

அது மட்டுமில்லை. பத்துக்குப் பத்து அடிச் சுவரில் ஒரே ஒரு சதுர அடி திறந்திருந்தால், மீதிச் சுவரை இரும்பில் கட்டினாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. கதவுக்குக் கீழே இருக்கும் இடுக்கு, ஏர்கோன் குழாய் போகும் துளை, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் விட்ட இடைவெளி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். டிரம்ஸ் அடிக்கும் அறையில் 100 டெசிபல் சர்வசாதாரணம். படுக்கையறையில் 30 டெசிபலுக்கு மேல் இருந்தால் தூக்கம் பாதிக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் சொன்னது. நூறிலிருந்து முப்பதுக்கு இறங்க வேண்டும். பஞ்சுக்காரர் இதில் எத்தனை டெசிபலுக்குப் பொறுப்பு ஏற்பார்?

நம் தாமான் வீடுகளில் கார் போர்ச் மாதிரி மோசமான இடம் வேறில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் பொதுச்சுவர் பொதுவாக 200 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையக்கூடாது என்று 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் சொல்கின்றன. ஆனால் அந்தக் கனமான சுவர் வரவேற்பறையோடு முடிந்துவிடும். போர்ச்சில் இருப்பது இடுப்பளவுச் சுவரும் மேலே ஒரு கூரையும்தான். அதை அடைத்து அறையாக்குவது கட்டுமான வேலை. 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி நகராண்மைக் கழகத்திடம் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். “எல்லாரும் அப்படியேதாண்ணே கட்டுறாங்க, யாரு வந்து பாக்கப்போறா” என்றார் என் கண்ட்ரேக்டர். நானும் தலையாட்டினேன். அப்பாவின் சாகா தெருவுக்குப் போனது. அது நின்ற இடம் மக்சிக் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் கார் நிறுத்தும் இடம். ஒலி போவதற்கு முன்பே நான் அவர் எல்லைக்குள் போயிருந்தேன்.

இந்த இடத்தில் நண்பர்கள் இரண்டு வாதங்களைக் கொண்டுவருவார்கள்.

முதலாவது, பண்பாட்டு வாதம். “மச்சான், உறுமின்னாதான் அவனுங்களுக்குச் சத்தம். மத்தவன் போடுற ஸ்பீக்கர் எல்லாம் சங்கீதமா?” இதில் உண்மை இல்லாமல் இல்லை. உறுமி மேளப் பையன்கள் என்றாலே கைலி மடித்துக் கட்டிய ரவுடிகள் என்று பார்க்கும் கண் இந்த நாட்டில் இருக்கிறது. நம் கோயில் நிர்வாகங்களிலேயே இருக்கிறது. ஆனால் இரவெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து படுத்த ஒரு பெண்மணியின் தூக்கம் அந்த அநியாயத்துக்கு ஈடாகாது. யாரோ நம்மை அவமதித்ததற்கு அவர் ஏன் கட்டணம் கட்ட வேண்டும்? தோட்டத்து லயத்தில் பலகைச் சுவர்தான் இருந்தது, எல்லா வீட்டுச் சத்தமும் எல்லா வீட்டுக்கும் கேட்டது என்று என் தாத்தா சொல்வார். உண்மை. அங்கே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பிரட்டு, ஒரே நேரத்தில் தூக்கம், ஒரே கோயில் திருவிழா. தாமானில் ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு கடிகாரம்.

இரண்டாவது, காவிய வாதம். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் வீட்டுப் பின்புறம் கட்டிய பஞ்சதன் ரெக்கார்ட் இன்னில்தான் ‘ரோஜா’ பிறந்தது. டெட்ராய்டில் பெர்ரி கோர்டி 1959இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய மோட்டவுன், ஒரு சாதாரண வீட்டில்தான் இயங்கியது. நமக்கு ஒரு போர்ச் போதாதா?

எனக்குப் பிடித்த உதாரணம் கிங் டப்பி. ஜமைக்காவில், கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில், ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் பழுது பார்த்த மின்னணுத் தொழில்நுட்பக்காரர். வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்தார். குளியலறையைக் குரல் பதிவு அறையாக்கினார். ‘டப்’ என்ற இசை வகையையே அந்தச் சின்ன இடத்திலிருந்து உலகத்துக்குக் கொடுத்தவர்களில் முதன்மையானவர். இந்தக் கதையைச் சொல்பவர்கள் அடுத்த வரியைச் சொல்வதில்லை. முழு வாத்தியக் குழு அங்கே வாசிக்கவில்லை. டிரம்ஸும் பேஸும் ஊரிலிருந்த பெரிய ஸ்டூடியோக்களில் பதிவாகி நாடாவாக வந்தன. டப்பி அவற்றைக் கலந்தார், மேலே குரல் சேர்த்தார். சின்ன அறையால் என்ன முடியும், என்ன முடியாது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. வீட்டு ஸ்டூடியோவின் முதல் பாடம் அதுதான். நாம் குளியலறையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம்.

சரி, நான் என்ன செய்தேன்?

பஞ்சைப் பிரித்தேன். வரைபடம் போட்டு அனுமதிக்கு அலைந்தேன். அந்த ஐந்து மாதக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். போர்ச் திரும்பவும் காருக்கே போனது. வீட்டுக்குள்ளே, பொதுச்சுவரைத் தொடாத ஸ்டோர் அறையில், அறைக்குள் அறை கட்டினேன். வெளிச்சுவரில் ஒட்டாத தனிச் சட்டம், நடுவில் காற்று இடைவெளி, அதில் ராக்வூல், மேலே இரண்டடுக்கு ஜிப்சம், விளிம்பெல்லாம் சீலண்ட், அடுத்தடுத்து இரண்டு கதவுகள். உள்ளறையை வெளிச்சுவரோடு சேர்க்கும் ஒரு நீளமான திருகாணி கூட அதிர்வுக்குப் பாலம் போட்டுவிடும் என்பதால், வேலையாள் திருகும்போதெல்லாம் பக்கத்தில் நின்றேன். “என்னா அண்ணே, நகைக்கடையா கட்டுறீங்க?” என்று சிரித்தார்.

முடித்த பிறகுதான் தெரிந்தது, காற்றையும் சேர்த்து அடைத்துவிட்டேன் என்று. ஏர்கோன் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ஸ்பிலிட் ஏர்கோன் உள்ளே இருக்கும் காற்றைத்தான் சுற்றிச்சுற்றிக் குளிராக்கும்; புதுக்காற்று கொண்டுவராது. மூன்று பேர், நாற்பது நிமிடம், தலைவலி. பிறகு, உள்ளே ராக்வூல் ஒட்டி வளைந்து வளைந்து போகும் காற்றுப்பெட்டி ஒன்று செய்து விசிறி வைத்தேன். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இது ஆடம்பரம் இல்லை. காற்றில்லாத அறையில் முதலில் ஆள் சோர்வான், அப்புறம் சுவரில் பூஞ்சணம் வரும்.

மொத்தம் 16,000 வெள்ளிக்கு மேல். இவ்வளவு செய்தும் இந்த அறையில் குரல் பதிவு, கித்தார், கலவை வேலை மட்டும்தான். உறுமியும் டிரம்ஸும் இல்லை. அவற்றுக்குக் கடைவீட்டு மாடியில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாமிங் அறைக்குப் போகிறோம். தோல்வி என்று சொல்பவர்கள் சொல்லட்டும். எனக்கு இது கணக்கு.

என் உண்மையான சண்டை இங்கேதான். ஆளுக்கொரு பஞ்சு அறைக்குப் பத்துக் குழுக்கள் கொட்டும் பணத்தைச் சேர்த்தால் உறுமி அடிக்கத் தகுந்த ஓர் அறையை ஒழுங்காகக் கட்டலாம். இடமா இல்லை? கோயிலுக்குக் கோயில் மண்டபம் இருக்கிறது. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நான் ஒரு கோயில் நிர்வாகத்திடம் போய்ப் பேசினேன். மண்டபத்துக்குப் புதிதாக மார்பிள் போட்டிருந்தார்கள். பின்னால் சாமான்கள் அடைத்த ஒரு பெரிய அறை. “உறுமிப் பசங்கள உள்ள விட்டா பிரச்சனை தம்பி” என்று முடித்துவிட்டார்கள். திருவிழாவுக்கு அதே பையன்கள் வேண்டும். மற்ற நாட்களில் அவர்கள் எங்கே பழகுகிறார்கள் என்று கேட்க யாரும் இல்லை. அந்த அறை திறக்காதவரை அவர்கள் திடலிலும் போர்ச்சிலும்தான் அடிப்பார்கள். போலீஸ் வரும். “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்” என்று அதே நிர்வாகம் சொல்லும்.

அறை முடிந்த வாரம் மக்சிக்கிடம் போய், “மூன்று மணிக்குப் பதிவு செய்யப்போகிறோம், கேட்டால் உடனே சொல்லுங்கள்” என்றேன். மூன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: “இன்னும் ஆரம்பிக்கலையா?”

அப்போது நாங்கள் இரண்டு பாட்டு முடித்திருந்தோம்.

எந்த டெசிபல் மீட்டரும் எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் தரப்போவதில்லை. ஆகவே, புது ஸ்டூடியோ என்று பஞ்சுச் சுவரைப் படம் எடுத்துப் போடும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். படம் போடுவதற்கு முன் நண்பனை உள்ளே உறுமி அடிக்கச் சொல்லிவிட்டு, அனுமதி கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுப் படுக்கையறையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அதற்கப்புறமும் போடத் தோன்றினால் போடுங்கள்.